எப்படி இளைத்தாய் என்று கேட்டவர்களுக்கு

1

போன மாதம் திருச்சியில் என் தங்கை மல்லிகாவின் மகளுக்கு வளைகாப்பு. என் வீட்டுக்காரரைத் தனியாக விட்டுவிட்டு என்னால் போக முடியாது. ஈப்போவில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடி கைப்பேசியில்தான் பார்த்தேன். வளையல் அடுக்கி முடித்ததும் மல்லிகா கைப்பேசியை ஒவ்வொருவரிடமாகக் கொடுத்தாள். அவ்வளவுதான், பிள்ளைத்தாய்ச்சியை விட்டுவிட்டு எல்லோரும் என்னைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

“அக்கா, பாதியா ஆயிட்டியே! என்னக்கா சாப்பிடறே? எங்களுக்கும் சொல்லேன்!”

சாயங்காலத்துக்குள் குடும்பக் குழுவில் கேள்விகள் குவிந்துவிட்டன. வெந்தயமா, பேலியோவா, வெறும் வயிற்றில் சீரகத் தண்ணீரா? சின்ன அத்தை மட்டும் கொஞ்சம் விவரமாக, மலேசியாவில் ஏதோ மாத்திரை விற்கிறதாமே, வரும்போது நாலு டப்பா வாங்கி வா என்று எழுதியிருந்தாள். நான் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு ரவிக்கை தைக்கப் போய்விட்டேன்.

ஆசையாகக் கேட்டவர்களுக்குப் பொம்மையை அனுப்பியது மரியாதை இல்லை என்று பிறகு தோன்றியது. அதனால் எழுதுகிறேன். பசியை எப்படி அடக்கினேன், ஆசையை எப்படி அடக்கினேன் எல்லாம் இதில் வரும். ஆனால் அதை மட்டும் தனியாகப் பிய்த்துக் கொடுக்க எனக்குத் தெரியவில்லை. மற்றதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

2

இளைத்ததைச் சொல்வதற்கு முன்னால் பருத்ததைச் சொல்ல வேண்டும். அதை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும்.

நான் இந்த ஊருக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகப் போகிறது. அப்பாவோடு பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த ஒருவர் கொண்டுவந்த சம்பந்தம். மாப்பிள்ளை தனபாலன், கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தில் பால்மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டதும் அந்தக் குடும்பம் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் குடியேறியது. அவர் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். நான் விமானம் ஏறியபோது இருந்த இருப்பு உங்களில் பலருக்கு நினைவிருக்கும். “ரெண்டு முழத்துல ஒரு ரவிக்கை தெச்சு, மிச்சத்துல இன்னொண்ணு தெச்சுடலாம்” என்று பொன்மலைத் தையல்காரர் கேலி செய்வார்.

வந்த புதிதில் என் பாஸ்போர்ட்டில் வேலை செய்யக் கூடாது என்று முத்திரை குத்தியிருந்தார்கள். அவர் விடிவதற்குள் பேருந்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பகல் முழுக்க வீட்டில் நானும் தொலைக்காட்சியும்தான். எங்கள் வட்டாரத்துக்கு ஒரு பெயர் உண்டு. இங்கே கச்சாங் பூத்தே என்று சொல்லும் முறுக்கு, கடலை, ஓமப்பொடி வகையறாக்களை வீட்டுக்கு வீடு சுட்டு விற்கிறவர்கள் நிறைந்த இடம் இது. பக்கத்து வீட்டுப் பார்வதி அக்காவின் வாணலி காலையிலேயே அடுப்பில் ஏறிவிடும். உடைந்த முறுக்கை விற்க முடியாதே, அது வேலிக்கு மேலாக எனக்கு வரும்.

“இந்தா, தின்னும்மா. சும்மா வீணாத்தான போவுது!”

தனியாக இருக்கிறவளுக்கு வாயில் ஏதாவது அரைபட்டுக்கொண்டிருந்தால் துணைக்கு ஆள் இருப்பதுபோல் இருக்கும். அப்படித்தான் ஆரம்பித்தது. அப்புறம் மகள் ஷாமினி பிறந்தாள். அவள் மிச்சம் வைத்ததையும் தின்றேன். பல வருடம் நடையாய் நடந்து நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டை கிடைத்ததும் வீட்டிலேயே தையல் ஆரம்பித்தேன். நாள் முழுக்க உட்கார்ந்த இடத்தில் வேலை. எதைப் பேசினாலும் கடைசியில் ஒரு ‘லா’ சேர்க்கிற ஊர், யார் வந்தாலும் “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டே வருகிற ஊர் இது. இல்லை என்று சொன்னால் விடமாட்டார்கள், ஆச்சு என்று சொன்னாலும் விடமாட்டார்கள். ஊரார் இடுப்பையெல்லாம் டேப்பால் அளந்து எழுதிய நான் என் இடுப்புப் பக்கம் டேப்பைக் கொண்டுபோகவே இல்லை.

3

அவருக்குக் கால் வீங்கியபோது பேருந்து ஓட்டி ஓட்டித்தான் என்று நினைத்தோம். செருப்பை ஒரு அளவு பெரிதாக வாங்கினோம். சர்க்கரை நோய் உள்ளே புகுந்து இரண்டு சிறுநீரகங்களையும் தின்று முடித்திருந்தது எங்களுக்குத் தெரியாது. இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். பேருந்தை விற்றுவிட்டார். குடிக்கிற தண்ணீருக்கு அளவு. வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, கீரையைக்கூட வேகவைத்து வடித்துத்தான் கொடுக்க வேண்டும். தாகம் எடுத்தால் ஒரு ஐஸ்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். நான் தண்ணீர் குடிக்கிற சத்தம் அவருக்குக் கேட்கக் கூடாது என்று குளியலறைக்குள் போய்க் குடித்திருக்கிறேன்.

சொந்தத்தில் யாராவது ஒரு சிறுநீரகம் கொடுத்தால் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பார்க்கலாம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ஷாமினி கோலாலம்பூரில் வேலை பார்க்கிறாள். செய்தி கேட்டதும் ஓடி வந்தாள்.

“நான் குடுக்கிறேன்ப்பா. டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம் லா.”

“இன்னொரு தடவ இந்தப் பேச்ச எடுத்தா நான் டயாலிசிஸுக்கே போமாட்டேன்” என்றார் அவர்.

அவளுக்கு முகம் செத்துப் போனது. மறுநாளே கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் வந்துகொண்டிருந்த அழைப்பு வாரம் ஒன்றாகச் சுருங்கியது. தமிழும் சுருங்கியது. “ஓகேம்மா, டேக் கேர் லா” என்பதில் வந்து நிற்கிறது.

அப்புறம் நான் சொன்னேன், நான் கொடுக்கிறேன் என்று. அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கொடுக்கிறேன் என்றால் உடனே வா என்று கூப்பிடுவார்கள் என நினைத்தேன். முதலில் நான் இவருடைய மனைவிதான் என்று காட்ட வேண்டியிருந்தது. எங்கள் திருமணச் சான்றிதழ் திருச்சியில் வாங்கியது, தமிழில் இருக்கிறது. அதை மொழிபெயர்த்து, முத்திரை வாங்கிக்கொண்டு போனால் என் பாஸ்போர்ட்டில் பெயருக்குப் பின்னால் பழனியாண்டி என்று இருக்கிறதே, அது யார் என்று முகப்பில் இருந்த பெண் கேட்டாள். என் அப்பா என்றேன். சந்தேகமாகப் பார்த்தாள். முந்தைய கணவர் என்று நினைத்துவிட்டாள் போல. எத்தனை வருடம் கழித்து என் அப்பா பெயரை ஒருவர் வாய்விட்டுச் சொல்லிக் கேட்கிறேன்! எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது.

மலாயில் சிறுநீரகத்துக்கு பூவா பிங்காங் என்று பெயர். பூவா என்றால் பழம், பிங்காங் என்றால் இடுப்பு. இடுப்பில் காய்த்த பழம் என்று இந்தத் தையல்காரிக்கு அது பிடித்துப்போனது. ரத்தம் பொருந்தியது, பழமும் நன்றாக இருக்கிறது என்றார்கள். இடுப்புதான் சரியில்லை. இந்த உடம்போடு அறுவை சிகிச்சை செய்தால் எனக்கு ஆபத்து, பத்துப் பதினோரு கிலோ குறைத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

4

உணவு ஆலோசகர் ஒரு மலாய்க்காரப் பெண். ஷாமினி வயதுதான் இருக்கும். ஒரு தட்டை வரைந்து காட்டினாள். பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு சோறு, மீதிக் காலில் மீனோ முட்டையோ. “பெலான் பெலான், ஆன்ட்டி” என்று என் கையைத் தட்டினாள். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். ஆசை அலை மாதிரி வரும், கொஞ்ச நேரம் பொறுத்தால் போய்விடும், அதுவரை கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள் என்றாள்.

கைக்கு வேலை கொடுத்தால் போதாது, வாய்க்குத்தான் கொடுக்க வேண்டும் என்று எனக்கு இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. பார்வதி அக்கா வீட்டில் எண்ணெய் காய்கிற வாசம் வந்ததும் நான் குண்டூசிகளை எடுத்து உதட்டில் கவ்விக்கொள்வேன். தையல்காரிகள் செய்கிற வேலைதான். ஊசி வாயில் இருக்கும்போது எதையும் தின்ன முடியாது, யாருக்கும் பதில் சொல்லவும் வேண்டாம். குறிப்பு கேட்டவர்களுக்கு இது முதல் குறிப்பு. வெள்ளரிக்காய், மோர், சர்க்கரை போடாத தேநீர் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பசி இரண்டு வகை. வயிற்றுப் பசிக்கு வெள்ளரிக்காயைக் கொடுத்து ஏமாற்றலாம். நாக்குப் பசி அப்படி இல்லை, அதற்குப் பெயர் சொல்லிக் கேட்கத் தெரியும். இதில் எனக்கு ஒரு அதிர்ச்சி காத்திருந்தது. நாக்கு என்ன கேட்கும் என்று நான் எதிர்பார்த்தேன் தெரியுமா? பொன்மலைச் சந்தையில் வாங்குகிற காராசேவு, பேருந்து நிலையத்து நெய் ரோஸ்ட், அம்மா வைக்கிற வற்றல் குழம்பு. ஒன்றையும் கேட்கவில்லை. தேங்காய்ப் பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, அதன் தலையில் சிவப்பாகப் பளபளக்கிற நெத்திலிச் சம்பல், அதைத்தான் கேட்டது. வந்த புதிதில் அந்தச் சம்பலில் போடுகிற பெலாச்சான் என்கிற இறால் விழுதின் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவள் நான். கனவிலும் அதுவே வந்தது. இத்தனை வருடமாக நான் திருச்சிக்காரி, திருச்சிக்காரி என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் நாக்கு என்னிடம் கேட்காமலே எப்போதோ இந்த ஊர்க்காரியாகிவிட்டிருக்கிறது. அன்றைக்கு எனக்கு அம்மாவிடம் பேச ஒரு மாதிரியாக இருந்தது.

அந்த நாசி லெமாக்கைத்தான் அவர் வாங்கி வந்தார். டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து வருகிற மனிதர் கையில் வாழையிலையில் சுற்றிய பொட்டலம். ஒருநாள் நம் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய், ஒருநாள் கடலையும் சர்க்கரையும் வைத்து மடித்த அப்பம் பாலிக். மலேசியாவில் தாப்பாவ் என்பார்கள், கட்டி வாங்கி வருவது.

“எதுக்குங்க இது? நான்தான் குறைக்கணும்னு சொல்றாங்கல்ல?”

“நான்தான் சாப்புட முடியல. நீ சாப்புடறதப் பாத்துக்கிட்டாவது இருக்கேனே லா.”

அவர் எதிரில் உட்கார்ந்துகொள்வார். நான் தின்பதை அவர் கண் தின்னும். ஒரு வாய் மிச்சம் வைத்தால் முகம் வாடும். எனக்காகச் சாப்பிடவில்லை, அவருக்காகச் சாப்பிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால் சாப்பிட்டது நான்தான், ருசித்துத்தான் சாப்பிட்டேன். எடை மெஷினில் முள் ஒரு கோடுகூட நகரவில்லை.

5

இந்த ஊரில் டயட் என்று சொன்னால் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். ஒன்றுதானே, இன்றைக்கு மட்டும்தானே, பொம்பளை கொஞ்சம் பூசினாற்போல இருந்தால்தானே அழகு என்று வாயில் திணித்துவிடுவார்கள். ஆனால் விரதம் என்று சொல்லிப் பாருங்கள். நீட்டிய கை அப்படியே பின்னால் போய்விடும். கன்னத்தில் வேறு போட்டுக்கொள்வார்கள்.

நான் விரதம் என்று அறிவித்துவிட்டேன். அவர் உடம்புக்காக அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன், ஒரு வேளைதான் சோறு, கவிச்சி இல்லை, வெளிச்சாப்பாடு தொடமாட்டேன், காரியம் முடிகிறவரை இப்படித்தான் என்றேன். பார்வதி அக்கா உடைந்த முறுக்கை நிறுத்திக்கொண்டார். ரவிக்கை கொடுக்க வருகிறவர்கள் கொண்டுவரும் கேக் நின்றது. பொய்தான். ஆனால் சொல்லச் சொல்ல எனக்கே பாதி நிஜமாகிவிட்டது. காலையில் குளித்து விளக்கேற்றும்போது, தாயே, இந்தப் பொய்யையே வேண்டுதலாக வைத்துக்கொள் என்று கேட்டேன்.

அவரும் பொட்டலத்தை நிறுத்தினார். விரதக்காரிக்கு நாசி லெமாக் வாங்கி வர எந்தத் தமிழனுக்கும் கை வராது. கொஞ்ச நாள் யோசனையாகவே இருந்தார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, “தோட்டத்துக் கோயிலுக்குப் போய்ட்டு வாரேன்” என்று கிளம்பினார். அவர் பிறந்த தோட்டத்தில் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் எல்லாம் இடிந்துபோய்விட்டன, மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. நடக்கவே மூச்சு வாங்குகிற மனிதருக்குக் கோயிலுக்குப் போகத் தோன்றியதே என்று சந்தோஷப்பட்டேன். திரும்பி வரும்போது கையில் தூக்குச்சட்டி. திறந்தால் சர்க்கரைப் பொங்கல். மேலே நெய் மிதந்தது, முந்திரி குவிந்திருந்தது.

“பிரசாதம். வேணான்னு சொல்லக் கூடாது.”

சொல்லத்தான் முடியுமா? விரதக்காரி பிரசாதத்தைத் தள்ளினால் அதைவிடப் பாவம் உண்டா? என் கயிற்றாலேயே என்னைக் கட்டிவிட்டார், அது எனக்கு அப்போது தெரியவில்லை. ஒரு கரண்டி தின்று கண்ணில் ஒற்றிக்கொண்டு வைத்துவிடலாம் என்று பார்த்தால், எதிரில் உட்கார்ந்துகொண்டு, “அம்மனுக்குப் படச்சது, மிச்சம் வெக்காத” என்பார். வாரத்தில் ஐந்து நாள் குண்டூசியைக் கவ்விக் குறைத்ததை வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் வட்டி போட்டு வாங்கிவிடும். உணவு ஆலோசகப் பெண் என் அட்டையைப் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று பக்குவமாகக் கேட்டாள். பிரசாதம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். இப்படியே மாதங்கள் போயின. எனக்கு என் உடம்பு மேல்தான் ஆத்திரம். கொடுக்க மனசு இருக்கிறது, இந்தச் சனியன் பிடித்த உடம்பு விடமாட்டேன் என்கிறதே என்று கண்ணாடி முன்னால் நின்று என்னை நானே திட்டியிருக்கிறேன்.

6

ஒரு வெள்ளிக்கிழமை அவருக்கு மயக்கமாக இருந்தது. அப்படியும் கோயிலுக்குப் போகத்தான் வேண்டும் என்றார். தனியாக விட மனமில்லாமல் கைவேலையைப் போட்டுவிட்டு நானும் கிளம்பினேன். என்னை ஏனோ வேண்டாம் வேண்டாம் என்றார். கேட்கவில்லை.

கோயிலில் பூசாரியும் சமைத்துக்கொண்டிருந்த செல்லம்மா அக்காவும்தான் இருந்தார்கள். அந்தத் தோட்டத்தில் கடைசிவரை பால் வெட்டியவர் செல்லம்மா அக்கா. இவர் கால் கழுவக் குழாயடிக்குப் போனதும் அந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்கதான் தனபாலு சம்சாரமா? ரொம்ப சீக்கா இருக்கீங்களாக்கும்னு நெனச்சேன். பாத்தா நல்லாதான இருக்கீங்க லா!”

“யாருக்கா சீக்குன்னு சொன்னது?”

“ஒங்க வீட்டுக்காரருதான். இங்க பொங்கலெல்லாம் திருவிழாவுக்கு மட்டுந்தான். வெள்ளிக்கிழமையில சூடம், தேங்கா, பழம், அவ்வளவுதான். அவருதான் அரிசி, வெல்லம், நெய்யி எல்லாம் வாங்கியாந்து குடுத்து செய்யச் சொல்றாரு. ‘வீட்டுல ஒடம்பு தேறணும் அக்கா, நெய்ய கூடப் போடுங்க’ம்பாரு.”

நான் போய்க் காருக்குள் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் தூக்குச்சட்டியோடு வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சட்டியைப் பின்சீட்டில் வைத்தார். காரை எடுக்கவில்லை.

“எதுக்குங்க இப்படிச் செஞ்சீங்க?”

கார்ச் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

“கேக்கறேன்ல? வாயத் தொறங்க!”

“நீ வெயிட்டு கொறைச்சிட்டா ஆப்பரேஷன் வச்சிருவாங்க.”

“அதுக்குத்தானே குறைக்கிறேன்!”

“அதான்” என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. நாசி லெமாக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. நான் தின்பதைப் பார்க்கப் பார்க்க ஆசை என்று சொன்னதெல்லாம்! பசியில் கை நடுங்க நடுங்கத் தைத்தேன், உங்களுக்காகப் பட்டினி கிடந்தேன், அம்மன் பெயரைச் சொல்லி ஏமாற்றினீர்களே என்று கத்தினேன். அம்மன் பெயரைச் சொல்லி முதலில் ஏமாற்றியது நான்தான் என்பது கத்தும்போதே நினைவு வந்தது. இருந்தாலும் நிறுத்தவில்லை.

அவர் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டே பேசினார். “ஒங்கப்பா செத்தப்ப நான் கவுண்டர்ல நின்னேனே, ஞாபகம் இருக்கா?”

எப்படி மறக்கும்? நான் வந்த மூன்றாம் வருடம் அது. தங்குவதற்கான அனுமதியைப் புதுப்பிக்க என் பாஸ்போர்ட் குடிநுழைவு அலுவலகத்தில் இருந்தது. அப்பா போய்விட்டார் என்று மல்லிகாவின் போன். இவர் ஓடிப் போய் ஒவ்வொரு கவுண்டராக நின்று கெஞ்சினார். கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி விடுப்பில் இருக்கிறார், இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அங்கே அப்பாவை எடுத்துவிட்டார்கள். நான் புந்தோங் வீட்டுச் சிமெண்டுத் தரையில் கிடந்தேன்.

“வெறுங்கையோட வீட்டுக்கு வந்தேன். நீ தரையில கெடந்த. அன்னைக்கே நெனச்சேன், இனிமே இவகிட்டருந்து எதையும் எடுக்கக் கூடாதுன்னு. ஊர எடுத்தாச்சு, அப்பன் மொகத்தயும் பாக்க வுடல. இப்ப ஒடம்ப அறுத்து வேற எடுக்கணுமா?” என்றார். பிறகு, “நான் போனப்புறம் நீ இங்க தனியா இருப்ப. ஷாமினி வந்து பாப்பான்னு எனக்கு நம்பிக்க இல்ல. ஒனக்கு ஒன்னு ஆச்சுன்னா ஒரே ஒரு கிட்னிய வச்சிக்கிட்டு என்னா செய்வ?”

“நீங்க போயிட்டா ரெண்டையும் வச்சுக்கிட்டு நான் என்னங்க செய்யப் போறேன்?”

ஸ்டீரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். கோலா கங்சார் சாலைக்கு வந்து வெகுதூரம் போன பிறகு, “சரி, கொறைச்சுக்க” என்றார்.

ஷாமினியிடம் போனில் சொன்னேன். “அப்பா ஒங்கள சபோட்டாஜ் பண்ணிருக்காரும்மா!” என்று சிரித்தாள். அந்த வார்த்தை எனக்குப் புதிது. அர்த்தம் கேட்டேன். கூட இருந்தே காரியத்தைக் கெடுப்பது என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி அழ ஆரம்பித்துவிட்டாள்.

7

அதற்குப் பிறகு குறைப்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை. பசி அதே பசிதான், ஆனால் வீட்டில் எதிரி இல்லை. அவரே வெள்ளரிக்காய் நறுக்கி வைப்பார். சாயங்காலம் திடலில் நான் சுற்றி வரும்போது பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு கை காட்டுவார். என் ரவிக்கைகளைப் பிரித்துப் பிரித்து உள்ளே பிடித்துத் தைத்தேன். முள் ஒவ்வொரு கோடாக இறங்கியது. மருத்துவமனை சொன்ன எடைக்கு வந்த அன்று உணவு ஆலோசகப் பெண் எழுந்து நின்று கை தட்டினாள்.

அடுத்து அவருக்கு மறுபடி எல்லாப் பரிசோதனைகளும் எடுத்தார்கள். முடிவு சொல்ல எங்கள் இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்தார் சீன டாக்டர். நல்ல மனிதர், எனக்குப் புரிய வேண்டும் என்று மலாயில் மெதுவாகப் பேசினார். ஜந்தோங் என்று அவர் சொன்னதுமே எனக்குப் புரிந்துவிட்டது. இதயம். சிறுநீரகம் வேலை செய்யாமல் போனதில் இதயம் பலவீனப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. இனிமேல் அந்த அறுவை சிகிச்சையைத் தாங்காது, டயாலிசிஸிலேயே இருக்கட்டும் என்றார்.

நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். போன வருடமே நான் எடையைக் குறைத்திருந்தால் செய்திருக்கலாமா டாக்டர்?

அவர் பழைய ஸ்கேனை எடுத்துப் பார்த்தார். இவரையும் ஒருமுறை பார்த்தார். “முங்கின்” என்றார். ஒருவேளை என்று அர்த்தம்.

இவர் கையைப் பிடித்திருந்தேன். அது என் கைக்குள் குளிர்ந்துபோனதை உணர்ந்தேன். ஆனால் முகத்தைப் பார்த்தால் அதில் ஒரு நிம்மதியும் இருந்தது. ஐயோ, அந்த நிம்மதியை நான் பார்த்திருக்கக் கூடாது. அவரை அங்கேயே அடித்துவிடலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. ஒன்றும் செய்யாமல் காகிதங்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மருத்துவமனைக்கு எதிரில் ஒரு பாய் கடை இருக்கிறது. அவர் காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்ததும், “அண்ணே, ரொட்டி சானாய் ஒன்னு. சம்பல் நெறையா” என்றார். தனக்கு எதுவும் சொல்லவில்லை. கடைப்பையன் வைத்த தண்ணீரைக்கூட என் பக்கம் நகர்த்தினார்.

ரொட்டி வந்தது. சாப்பிட மாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். ஊசி போட்டுப் போட்டுத் தடித்துப்போன இடது கையால் அவர் தட்டைப் பிடித்துக்கொண்டு, சூட்டோடு ரொட்டியைப் பிய்த்து, சம்பலில் தோய்த்து என் பக்கம் வைத்தார். எனக்குப் பசித்தது. வெட்கமில்லாமல் பசித்தது. ஒரு வருடத்துக்கு மேல் அடக்கி வைத்த பசி முழுவதும் அந்த நிமிஷம்தானா வர வேண்டும்? எடுத்து வாயில் போட்டேன். அழுகையோடு சேர்த்து விழுங்கினேன். மூக்கைத் துடைத்துக்கொண்டே தட்டைக் காலி செய்தேன். அவர் பிய்த்து வைத்துக்கொண்டே இருந்தார்.

“இன்னொன்னு சொல்லட்டா?” என்று கேட்டார்.

சொல்லுங்க என்றேன்.